தாயின் கல்வித் தகுதி

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று ஒரகடம் கூட்டுரோட்டில் என் கடைக்கு வந்துபோன எல்லோருக்கும் தெரியும். ஜெராக்ஸ், பிரவுசிங், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று பலகையில் எழுதி வைத்திருந்தேன். திட்டு இலவசம் என்று எழுதவில்லை, அவ்வளவுதான். பிடிக்காதவர்கள் பக்கத்துக் கடைக்குப் போகலாம். யாரும் போகவில்லை. நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதுதான் காரணம். அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு. அந்தக் கர்வத்தால் நான் பட்ட வெட்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஜூனிலும் ஒரே கூத்து நடக்கும். பிள்ளை நல்ல மார்க் வாங்கியிருக்கும், கவுன்சலிங்குக்கு நாலு நாள் இருக்கும், சாதிச் சான்றிதழ் இருக்காது. ரேஷன் கார்டில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் இன்னொன்று. தாய் அழுவாள், தகப்பன் என் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். தாசில்தார் ஆபீஸ் என்ன இட்லிக் கடையா, கேட்டதும் எடுத்துக் கொடுக்க? கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அதனால் 2011இல் பிளஸ் ஒன் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில் கூப்பிட்டு உட்கார வைக்க ஆரம்பித்தேன்.

பிளஸ் ஒன் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் கண்டுகொள்ளாத வருஷம். பத்தாவதில் ஊரே பரீட்சை எழுதும், பிளஸ் டூவில் வீடே எழுதும். நடுவில் இருக்கும் அந்த ஒரு வருஷத்தைப் பிள்ளைகள் தூங்கிக் கழிப்பார்கள், பெற்றவர்கள் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துக் கழிப்பார்கள். காகித வேலையை எல்லாம் அந்த வருஷத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. நான் மட்டும் என்ன பெரிய படிப்பாளியா? பி.காம். இரண்டாம் வருஷத்தில் கல்யாணம் என்று நிறுத்தப்பட்டவள். அப்போது என் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் என்ற எரிச்சல் எனக்குள் இன்னும் இருக்கிறது. அதைத்தான் வந்தவர்கள்மேல் கொட்டிக்கொண்டிருந்தேன் போல.

முதல் கூட்டத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப்போகும் பிள்ளைக்குத் தொழிற்கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் சலுகை அது. தாய், தகப்பன், கூடப்பிறந்தவர், தாத்தா, பாட்டி என்று யாருமே பட்டதாரி இல்லை என்று வி.ஏ.ஓ. விசாரித்து எழுதி, அது தாசில்தார் வரை போய் வர வேண்டும்.

"யார் வூட்லயும் டிகிரி முடிச்சவங்க இல்ல இல்ல? இல்லாதவங்க கைய தூக்குங்க" என்றேன்.

மாடியில் இருந்த அத்தனை கைகளும் மேலே போயின. பின்வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் மடியில் வைத்த கையை எடுக்கவில்லை. உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. பச்சை யூனிபார்ம் சேலையோடு வந்திருந்தார். பக்கத்தில் இருந்த மகள் முழங்கையால் இடித்ததும் அந்தக் கை காது உயரத்துக்கு வந்து, முடியை ஒதுக்கிவிட்டு இறங்கிவிட்டது. புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் அவருக்கு மட்டும் இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னேன். "டிகிரின்னா காலேஜ் படிப்பும்மா. பெரிய படிப்பு." அவர் தலையாட்டினார். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த அம்மாவின் கணவர் உள்ளூர்க்காரர். ஒரு கார் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நல்ல மனுஷன், பேச்சில் சிரிப்பு இருக்கும். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும், "கண்ணாடி வூட்ல கீதுக்கா, நீயே படி" என்பார். விண்ணப்பங்களில் பெற்றோரின் படிப்பைக் கேட்கும் கட்டங்களை யாரையும் கேட்காமல் நானே நிரப்பிவிடுவேன், நேரம் மிச்சம். கேன்டீன் சேலை என்றால் எட்டாவது, சுடிதார் என்றால் பத்தாவது. அந்த அம்மாவுக்கும் எட்டாவது என்று எழுதப்போனேன். கணவர் தடுத்தார்.

"யக்கா, அவ பத்தாவது பாஸு. நான்தான் பத்தாவது பெயிலு. கரெக்டா போடு."

மனைவி தன்னைவிட ஒரு படி மேல் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. நான் பத்தாவது என்று எழுதினேன். அந்த அம்மா கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் கெட்டிக்காரி. மெக்கானிக்கல்தான் வேண்டும் என்பாள். கம்பெனிகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை. அப்பா நிற்கும் கேட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் கூட்டுரோடு வரைக்கும் காலேஜ் பஸ் வரும் ஒரு தனியார் கல்லூரியைக் குறித்து வைத்திருந்தாள். வீட்டிலிருந்தே போய் வரலாம். ஆனால் சலுகை கிடைத்தால்தான் அங்கே சேர முடியும். கிடைக்காவிட்டால் அந்தக் குடும்பத்தால் தாக்குப்பிடிக்க முடியாது. இது எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

எங்கள் வி.ஏ.ஓ.வுக்கு ஒரு வழக்கம். உறுதிமொழியைத் தானே உரக்கப் படிப்பார். தாயும் தகப்பனும் நேரில் நின்று கேட்டு, சரி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்குவார். ஒருவர் வராவிட்டாலும் விண்ணப்பப் பாரம் நகராது. மற்ற பிள்ளைகளின் சான்றிதழ்கள் பிளஸ் ஒன் முடிவதற்குள் கைக்கு வந்துவிட்டன. இந்த ஒரு வீடு மட்டும் இழுத்தது. ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்றார் அந்த அம்மா. பிறகு காய்ச்சல். பிறகு ஊரில் ஒரு சாவு. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கிருத்திகை என்றுகூட ஒரு தடவை. பிளஸ் டூ பரீட்சையும் முடிந்துபோனது.

ஒரு நாள் மகள் வந்து, "கன்செஷன் இல்லாம சேர முடியாதான்னு அம்மா கேக்கறாங்கக்கா" என்றாள்.

"உங்கம்மாவுக்கு இன்னா, பணம் மரத்துல காய்க்குதா?" என்று கத்தினேன். எனக்கு வேறொரு சந்தேகம் ஊறிக்கொண்டிருந்தது. பெண்ணை அசெம்பிளி லைனுக்கு அனுப்பிச் சம்பளம் பார்க்கத்தான் அந்த அம்மா காரியத்தைக் கெடுக்கிறார் என்று மனத்துக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். அந்த வருஷம் எங்கள் தெருவில் மூன்று பெண்கள் அப்படிப் போயிருந்தார்கள்.

2013 மே மாதம் ரிசல்ட் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க். விண்ணப்பிக்க இன்னும் பத்து நாளே இருந்தது. சான்றிதழ் மேலே போய் வர எட்டு நாளாவது ஆகும். ஒரு திங்கட்கிழமை, முதல் ஷிப்ட் விடும் நேரத்தில் கேன்டீன் கேட்டுக்கு என் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா வெளியே வந்தார். கூட வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு இன்னா? காய்ச்சலா, கருமாதியா?" என்றேன். "பெத்த பொண்ணு வாழ்க்கைய விட உங்களுக்கு ஒரு கையெழுத்து பெரிசா போச்சா? எழுத வரலன்னா கட்ட வெரலயாவது வைங்க. ஏறுங்க வண்டில."

அவர் ஏறி உட்கார்ந்தார். கணவரையும் மகளையும் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நேராக வரச் சொல்லியிருந்தேன். ஏரிக்கரை திரும்பும் இடத்தில் என் தோளைத் தொட்டு, "யக்கா, வண்டிய நிறுத்துங்க" என்றார். வாந்தி வருகிறதோ என்று ஓரங்கட்டினேன்.

"நான் பி.ஏ. படிச்சிருக்கேன்" என்றார்.

நான் சிரித்தேன். அதை மறைத்து என்ன பயன்? சிரித்தேன்.

"கோவில்பட்டி பக்கம் எங்க ஊரு. பஸ்ல போய் வந்து மூணு வருசம் படிச்சேன். வரலாறு. ஒரு அரியர் கெடையாது." அவர் குரல் உயரவே இல்லை. "செவ்வாய் தோசம். வந்த மாப்பிள்ளையெல்லாம் பொண்ணு படிப்பு சாஸ்தின்னு தட்டிப் போச்சு. எனக்கு இருவத்தேழு ஆயிட்டு. இந்தச் சம்பந்தம் வரவும் எங்கப்பா தரகர்கிட்ட பத்தாவதுன்னு சொல்லிட்டாக. தாலி கட்டுறதுக்கு முந்தின நாளு, இனிமே நீ பத்தாவதுதாம்மான்னு எங்கிட்டயும் சொன்னாக."

"அவருக்குத் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது. அது இங்கிலீசு பாடத்தத் தப்பா வாசிக்கும். நான் வாய மூடிக்கிட்டு வெங்காயம் உரிப்பேன்."

ஏரியிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டாண்டு போடாமல் வண்டியைக் காலால் தாங்கிக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் இவருக்கு டிகிரி என்றால் என்ன என்று விளக்கியிருக்கிறேன். பத்துப் பேர் முன்னால் கட்டைவிரல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நியாயமாக அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் தலைக்குள் கடைசித் தேதிதான் ஓடியது.

"சர்டிபிகேட் எங்க?"

"ஊர்ல, எங்க அண்ணன் வீட்டுப் பெட்டில."

"அங்கயே இருக்கட்டும். பத்தொம்பது வருஷம் தெரியாதது இனிமே யாருக்குத் தெரியப் போவுது? சரின்னு சொல்லிட்டு, கையெழுத்து போட்டுட்டு வந்துடுங்க. பொண்ணுக்காக."

"சரிக்கா" என்றார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

வி.ஏ.ஓ. ஆபீஸ் ஒரே அறை. எங்களுக்கு முன்னால் பட்டா விஷயமாக இரண்டு பேர் இருந்தார்கள். மகள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கணவர் யூனிபார்மைக் கழற்றாமலே வந்திருந்தார். தொப்பியைக் கக்கத்தில் வைத்திருந்தார். எங்கள் முறை வந்தது. வி.ஏ.ஓ. பாரத்தை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி எவரும் இல்லை என்றும், இது உண்மை என்றும், பொய்யெனத் தெரியவந்தால் நடவடிக்கைக்கு உட்படுகிறோம் என்றும் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். எத்தனையோ தடவை கேட்ட வரிகள்தான். அன்றைக்கு அவை முடிவேனா என்று நீண்டன.

"சரிதானா?" என்று கணவரைக் கேட்டார்.

"எங்க வம்சத்துலயே கெடயாது சார். எம்பொண்ணுதான் மொதோ ஆளு. இவ பத்தாவது பாஸு, அதான் எங்க வூட்ல பெரிய படிப்பு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்தி.

வி.ஏ.ஓ. பாரத்தை அந்த அம்மா பக்கம் திருப்பினார். "நீங்க சொல்லும்மா. சரிதானா?"

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். நான் அவரைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தேன். போடு, போடு, போட்டுத் தொலை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் பி.ஏ. சார்" என்றார். "எங்கப்பா ஒருதரம் எனக்காகப் பொய் சொன்னாக. மறுபடியும் என்னால முடியல."

பட்டாவுக்கு வந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் முகத்தில் முதலில் சிரிப்பு அப்படியே நின்றது. ஏதோ வேடிக்கை என்று நினைத்திருப்பார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய டி.வி.எஸ். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"அப்போ இது செல்லாதும்மா" என்று வி.ஏ.ஓ. பாரத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை, மரியாதைதான் இருந்தது. அந்த மரியாதையை வைத்து எந்தக் காலேஜில் பீஸ் கட்டுவது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வாசலில் மகள் தாயைப் பிடித்து உலுக்கினாள். "ஒரே ஒரு கையெழுத்தும்மா. இத்தினி வருஷம் சொல்லாம இருந்த இல்ல? இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டு அழுதாள். தாய், மகள் கையிலிருந்து நழுவிய ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு நல்லவளாக நான் அன்றைக்கு இல்லை.

கடைக்குத் திரும்பினால் மேசைமேல் அந்த வருஷத்துப் பிளஸ் ஒன் விண்ணப்பங்கள் கட்டாக இருந்தன. எட்டாவது, பத்தாவது, எட்டாவது, படிக்கவில்லை. எல்லாம் என் கையெழுத்து. இவற்றில் எத்தனை பேரை நான் கேட்டு எழுதினேன்? மறுநாள் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டேன். நான் எட்டாவது போட்டிருந்த ஒரு அம்மா, "நான் பிளஸ் டூ மேடம். நீங்க கேக்கல, நான் சொல்லல" என்றார்.

விண்ணப்பம் சலுகை இல்லாமலே போனது. கவுன்சலிங்குக்குத் தாயும் மகளும்தான் போனார்கள். தனியார் கல்லூரியை மறந்துவிட வேண்டியதாயிற்று. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, சமாளிக்கலாம். ஆனால் இடம் கிடைத்தது தெற்கே, தாயின் ஊர்ப்பக்கம். அதுவும் மெக்கானிக்கல் இல்லை, சிவில். மகள் சந்தோஷமாகச் சேர்ந்தாள் என்று எழுதினால் அது பொய். அரைமனதாகத்தான் தலையாட்டினாள்.

கணவர் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு மனைவியோடு பேசவில்லை. ஆறு வாரம். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாராம், பேச்சு மட்டும் கிடையாதாம். விடுதி விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரியில் போய்ச் சேர நாலு நாள் இருந்தது. மகள் பாரத்தை நீட்டியபோது, "படிச்சவ கீறாளே, அவளே போட்டுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம்.

மகள் வந்து சொன்னதும் எனக்கு வழக்கம்போல ரத்தம் கொதித்தது. கேட்டுக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். கூட வந்திருந்த தாய் என் கையைப் பிடித்தார்.

"நீங்க வரவேண்டாங்க்கா. நீங்க பேசுனா அவுக ஒருநாளும் போட மாட்டாக."

உண்மைதான். சாவியைக் கீழே வைத்துவிட்டு, பாரத்தில் பெற்றோர் பகுதியைத் தொடாமல், மகள் நிரப்பியிருந்ததை மட்டும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி தாண்டி, டி.வி.எஸ். வண்டி கடை வாசலில் வந்து நின்றது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். மகள் எழுந்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

"பாரத்த குடுக்கா" என்றார். கொடுத்தேன். வாங்கி, மனைவி முன்னால் வைத்தார். "எழுது."

அந்த அம்மா எழுதினார். ஆங்கிலப் பாரம். தாயின் பெயர், பிறகு தாயின் கல்வித் தகுதி. பி.ஏ., வரலாறு என்று சாய்வான அழகான எழுத்தில், தயங்காமல். கணவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தெனிக்கும் பேப்பர தப்புத் தப்பா படிச்சிகினு இருப்பேனே. உள்ளுக்குள்ள சிரிச்சியா?"

"இல்லைங்க."

"ஒரு நாளு கூடவா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு நாளு சிரிச்சேன்" என்றார் அவர்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மகள் அடுத்த கட்டத்தைப் படித்தாள், தந்தையின் கல்வித் தகுதி. அதில் எழுதப்போன மனைவியின் கையைக் கணவர் பிடித்து நிறுத்தினார்.

"பத்தாவதுன்னு போடாத. அஞ்சாவது. உங்கப்பாவாண்ட எங்கம்மா சொன்னதுதான் அந்த பத்தாவது."

கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்று அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தாய் ஐந்தாவது என்று எழுதிவிட்டு, பேனாவைக் கணவரிடம் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அவர் அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். நான் ஒரு எழுத்தும் எழுதாமல் என் கடையிலிருந்து போன முதல் பாரம் அது.